பேய் இல்லை என்று சாட்சி சொன்னேன்

“சாட்சிக் கூண்டு எங்கம்மா இருக்கு?”

எங்கள் ஜெபக்கூடத்து வாசலில் நின்று இப்படிக் கேட்டவர், தேவகோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டு. கக்கத்தில் குடை. நெற்றியில் பூசிய திருநீறு வியர்வையில் பாதி கரைந்திருந்தது. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு காலில் மட்டும் கழற்றியிருந்தார்.

நான் உள்ளே பாய் விரித்துக்கொண்டிருந்தேன். “கோழிக் கூண்டுதான் இருக்கு, பின்னாடி. இங்க எல்லாரும் பாயிலதான் உக்காரணும்” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அழகம்மாங்கிற பொம்பளை நீதானா?”

“நான்தான்.”

“இன்னைக்கு நீதான சாட்சி சொல்லப் போறே?”

“ஆமா.”

“நல்லது” என்று மற்றச் செருப்பையும் கழற்றிவிட்டு வந்து முதல் வரிசைப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டார். நான் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஆனால் வேலிக்கு வெளியே நின்ற கூண்டுவண்டியைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுபோயிற்று. அது என் புகுந்த வீட்டு வண்டி.

ஒரே சொல், இரண்டு வழக்கு

காரைக்குடிக்கு ரயில் வராத காலம் அது. ஊருக்கு வெளியே மிஷன்காரர்கள் ஒரு சின்ன வைத்தியசாலை வைத்திருந்தார்கள். அதை ஒட்டி, பனையோலைத் தட்டியை மறைப்பாகக் கட்டிய கூரைக் கொட்டகைதான் எங்கள் ஜெபக்கூடம். புதிதாகச் சபையில் சேர்ந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, தங்கள் வாழ்க்கையில் கடவுள் என்ன செய்தார் என்று சொல்லவேண்டும். அதற்குப் பெயர் சாட்சி சொல்லுதல்.

இந்தப் பெயரால் வந்தது வினை. நாச்சியாபுரத்துப் பக்கத்தில் இருந்த என் புகுந்த ஊரில் சாட்சி என்றால் ஒன்றே ஒன்றுதான். கோர்ட்டு.

எங்கள் ஊர்க்காரி ஒருத்தி காலில் கட்டியோடு வைத்தியசாலைக்கு வந்து, அது ஆறியதும் ஊர் திரும்பினாள். போனவள் சும்மா இருந்தாளா? “நம்ம அழகம்மா வார ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லப் போகுதாம். வெள்ளக்காரத் தொரசாணி முன்னாடி வச்சு” என்று கிணற்றடியில் சொல்லிவைத்தாள். வெள்ளைக்காரி, சாட்சி. இரண்டையும் கூட்டிப் பார்த்த என் கொழுந்தன் கருப்பையா பயந்துவிட்டார். அவர் பயப்படக் காரணம் இருந்தது. அன்றைக்கே தேவகோட்டைக்கு ஓடியிருக்கிறார், வக்கீல் வைக்க.

வக்கீல் வரவில்லை, குமாஸ்தாவை அனுப்பினார். பாவம், அவருக்கும் இது எந்தக் கோர்ட்டு என்று யாரும் சொல்லவில்லை.

எருமையின் பெயர்

கொழுந்தனுக்கு ஏன் அந்தப் பயம் என்று சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் என் கதையைத் தொடராக எழுதத் தொடங்கிய நாளிலிருந்து, சொல்லத் தயங்கி நான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த இடம் இதுதான்.

என் கணவர் வாந்திபேதியில் போனார். காலையில் உழவுக்குப் போனவர், மறுநாள் காலையில் இல்லை. எங்கள் மகள் மீனாள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். எழவு வீட்டில் என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள்: “புருசன முழுங்கிட்டாளே.” யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. திரும்பிப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

சொன்னவள் மறந்திருப்பாள். எனக்குள் அது குடிவந்துவிட்டது. விழிப்பு வருவதற்கு முன்பே அது விழித்திருக்கும். ‘நீ முழுங்கினவ.’ நான் பதில் சொல்வேன். ‘நான் முழுங்கல, வாந்திபேதி.’ அது மறுபடி சொல்லும். நான் மறுபடி மறுப்பேன். மனதுக்குள் நடந்த வாய்ச்சண்டை கொஞ்ச நாளில் வாய்க்கே வந்துவிட்டது. களை எடுக்கும்போது, தண்ணீர் இறைக்கும்போது, ஆளில்லாத காட்டில் நின்று “முழுங்கல, முழுங்கல” என்று கத்தினேன்.

அவ்வளவுதான். அழகம்மாவுக்குப் பேய் பிடித்துவிட்டது.

கோடாங்கி வந்தார். உடுக்கு அடித்துப் பேயோட்டுகிறவர். என்னை மாட்டுக்கொட்டிலில் சங்கிலியில் கட்டிப் போட்டார்கள். கட்டியவர் கருப்பையா. வேப்பங்குழையால் அடித்து, “யாரு நீ, பேரச் சொல்லு” என்று கோடாங்கி கேட்டார். பேய்க்குப் பெயர் சொல்லாமல் அடி நிற்காது என்பது அடி வாங்கினவர்களுக்குத் தெரியும். எனக்கு எந்தப் பெயரும் வரவில்லை. எதிரே எங்கள் எருமை அசைபோட்டுக்கொண்டு நின்றது. அதன் பெயரைச் சொன்னேன். “காரி.”

கோடாங்கி விடவில்லை. காரி எந்த ஊர்க்காரி, எந்தக் கிணற்றில் விழுந்தவள், எதற்காக வந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உயிரோடு வைக்கோல் தின்றுகொண்டிருந்த எருமையை ஊரே கூடி ஓட்டியது. அந்த அடியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்குத் தனியாக அடி விழுந்தது.

சங்கிலி உரசிக் கணுக்காலில் புண் வைத்தது. புண் புழுத்தது. நாற்றம் தாங்காமல்தான் கருப்பையா என்னை வண்டியில் தூக்கிப் போட்டு மிஷன் வைத்தியசாலையில் கொண்டுவந்து விட்டார். மீனாளை விடவில்லை. “ஆத்தாளுக்குப் புடிச்சது புள்ளைக்கும் தொத்திக்கிரும்” என்று சொல்லி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்

புண் ஆறியது. நான் ஊருக்குப் போகவில்லை. அங்கேயே கட்டுத்துணி துவைக்கிற வேலையில் சேர்ந்தேன். வெந்நீரில் கார்பாலிக் சோப்பின் நெடி எழும்பும். இன்றைக்கும் அந்த நெடி எங்கேயாவது அடித்தால் எனக்குப் பசி எடுக்கும். முதன்முதலாகத் திட்டு வாங்காமல் சாப்பிட்டது அந்த வேலை முடிந்த மத்தியானங்களில்தான்.

ஆனால் காலுக்கு மருந்து போட்டவர்களால் மனதுக்குப் போட முடியவில்லை. ‘முழுங்கினவ’ என்னோடு வண்டியேறி வைத்தியசாலைக்கும் வந்துவிட்டது.

அங்கே இருந்த வெள்ளைக்கார அம்மாளை மிஸ்ஸியம்மா என்போம். அவர் வேதத்தைத் திறந்து, “மனசு புதுசு ஆகணும், அழகம்மா” என்று தமது தமிழில் சொன்னார். “புது மனசு எங்கம்மா விக்கிது? சந்தையிலயா?” என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரிக்கவும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். அறியாத ஆள் வாசலில் வந்து நின்று ஏதாவது கேட்டால், வீட்டுப் பெண் எதிரே நின்று வாயாடமாட்டாள். “வீட்டுக்காரர்ட்ட பேசிக்கங்க” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். வந்தவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அதற்குமேல் வாசலைத் தாண்ட முடியாது. தாலி அறுத்தவளுக்கு இந்த ஒரு வரி இல்லாமல் போகிறது. யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அவள்தான் நின்று பதில் சொல்லவேண்டும். என் மனதுக்கும் அந்த நிலைதான் என்று ஒரு காலையில் துணி அலசும்போது எனக்குப் பட்டது.

அன்று நான் செய்த ஜெபத்தை, எங்கள் சபையை நடத்திய உபதேசியார் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். “மனசுக்குள்ள நீங்க குடியிருக்கறதா மிஸ்ஸியம்மா சொல்லுது. இருக்கறது நெசம்னா, வாசலுக்கு வர்றதுகள நீங்க கவனிங்க. எனக்குத் துணி கெடக்கு.”

மறுநாள் காலையில் அது வந்தது. ‘நீ முழுங்கினவ.’ நான் மறுத்துப் பேசவில்லை. “வீட்டுக்காரர் இருக்காரு. அவர்ட்ட பேசிக்க” என்று சொல்லிவிட்டு எழுந்து பல் விளக்கப் போனேன்.  

அது உடனே ஓடிப்போனது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஓடவில்லை. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. நான் பதில் சொல்லாததால் அதற்குப் பேச்சுத் துணை இல்லாமல் போயிற்று. அது கிடந்த இடத்தில் வேறொன்றை வைத்தேன். தம்மிடம் வருகிற யாரையும் தள்ளிவிடமாட்டேன் என்று இயேசு சொன்னதாக மிஸ்ஸியம்மா வாசித்திருந்தார். என்னை எல்லாரும் தள்ளியிருந்தார்கள், அதனால் எனக்கு அது ஒட்டிக்கொண்டது. மனம் புதிதாவது ஒருநாள் கூத்து என்று நினைத்திருந்தேன். அது தினமும் வாசல் கூட்டுகிற வேலை. கூட்டினால் சுத்தம், விட்டால் குப்பை.

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது வேறு பெயர் வைக்கலாம் என்றார்கள். மாட்டேன் என்றேன். அடிபட்டவள் அழகம்மா. எழுந்து நிற்பவளும் அவளாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வேலியோரம் ஒரு பேரம்

இப்போது வண்டிக்கு வருகிறேன். ஆராதனைக்கு மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. நான் வேலிக்கு ஓடினேன்.

வண்டிக்குள் கருப்பையாவின் மனைவி சிவகாமி உட்கார்ந்திருந்தாள். என் ஓரகத்தி. அவள் மடியில் மீனாள். நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்டிருந்தாள். என்னை யாரோ போலப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். கருப்பையா குறுக்கே வந்து நின்றார்.

“என்ன மதினி, எங்க மேல சாட்சி சொல்லப் போறீகளாமே?”

“உங்க மேல இல்ல. இது வேற சாட்சி.”

“எல்லாம் ஒண்ணுதான்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இங்க பாருங்க. உங்களுக்குப் பேய் இருந்துச்சு, இப்பப் போயிருச்சுன்னு சபையில சொல்லிருங்க. குமாஸ்தா கேட்டுக்குவாரு. பேய் இருந்ததாலதான கட்டிப் போட்டோம்? எங்க மேல குத்தமில்ல. சொல்லிட்டீகன்னா, இந்தா, புள்ளைய இப்பவே எறக்கி விட்டுர்றேன்.”

“சொல்லலைன்னா?”

“வண்டி திரும்பிரும். பேய் புடிச்சவகிட்ட எவன் புள்ளையக் குடுப்பான்? பெறகு நீங்க இங்குட்டுக் கெடந்து கத்துனாலும் நடக்காது.”

எங்கள் உபதேசியார் ஞானமுத்து பின்னால் வந்து கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், என் மேல் உயிரையே வைத்திருந்தார். என்னைத் தனியே அழைத்தார். “சொல்லிரும்மா. ஆண்டவர் பேயை வெரட்டுனாருன்னு சொன்னா அவருக்கும் மகிமைதான? மிஸ்ஸியம்மாவும் சந்தோசப்படுவாக. புள்ளையும் கிடைக்கும்.”

“பேயே இல்லியே, ஐயா.”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.”

நான் வண்டியைப் பார்த்தேன். மீனாள் சிவகாமியின் வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே கூடத்துக்குள் போய்விடலாம். அந்த ஆசை எனக்கு எப்படி இருந்தது என்று பிள்ளையைப் பிரிந்த எவளையாவது கேளுங்கள்.

ஆனால் பேய் இருந்தது என்று நானே சொல்லிவிட்டால்? நாளைக்கு நான் ஒரு மூச்சு அழுதால் திரும்பி வந்துவிட்டது என்பார்கள். மீனாள் பெரியவளாகி ஒருநாள் சோறு வேண்டாம் என்றால், ஆத்தாளுடையது மகளுக்கு வந்துவிட்டது என்பார்கள். அதே கொட்டில், அதே சங்கிலி. இன்றைக்கு அவளை வண்டியிலிருந்து இறக்க நான் சொல்லும் பொய்தான் அன்றைக்கு அவளைக் கட்டும்.

மணி அடித்தது. நான் உள்ளே போனேன்.

குறுக்கு விசாரணை

பாட்டு முடிந்ததும் உபதேசியார் என் பெயரைச் சொன்னார். எழுந்து நின்றேன். கருப்பையா தூணோரம் உட்கார்ந்திருந்தார். ஓலைத் தட்டிக்கு வெளியே வண்டி நிற்பது இடுக்கு வழியே தெரிந்தது.

“எம்பேரு அழகம்மா. எனக்குப் பேய் புடிக்கல. அப்பவும் புடிக்கல, இப்பவும் புடிக்கல.”

உபதேசியார் தலை குனிந்துகொண்டார். குமாஸ்தா எழுந்தார். சபையில் யாரும் இப்படி எழுந்து நாங்கள் பார்த்ததில்லை. அவரைத் தடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

“அப்ப ஆளில்லாத காட்டுல யார்ட்ட பேசுனே?”

“எம்மனசுட்ட.”

“மனசுட்ட எவளாச்சும் சத்தம் போட்டுப் பேசுவாளா?”

“அது சத்தம் போட்டுச்சு. நானும் போட்டேன்.”

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை. அவர் தம் தொழிலைச் சரியாகத்தான் செய்தார்.

“அந்த நெனப்பு இப்பப் போயிருச்சா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மிஸ்ஸியம்மாவும் பார்த்தார்.

“இல்ல. இன்னைக்கு வெள்ளெனக்கூட வந்துச்சு.”

“அப்படின்னா உங்க சாமி என்னதான் செஞ்சாரு?”

“பதில் சொல்ற வேலைய எங்கிட்டருந்து வாங்கிக்கிட்டாரு. அது வந்தா, வீட்டுக்காரர்ட்ட பேசிக்கன்னு சொல்லிட்டு எம்பாட்டுக்கு வேலையப் பாப்பேன்.”

“உன் வீட்டுக்காரர்தான் எறந்துபோனாரே?”

“அவரச் சொல்லல. இவரச் சொல்றேன்” என்று நடுத்தூணில் ஆணியடித்து மாட்டியிருந்த மரச் சிலுவையைக் காட்டினேன்.

குமாஸ்தா சிலுவையைத் திரும்பிப் பார்த்தார். “அவரும் எறந்துதான போனாரு?”

“எறந்தாரு. ஆனா எந்திரிச்சிட்டாருய்யா.”

 யாரோ ஒரு கிழவர் “ஆமென்” என்றார், எப்போதும் சொல்வதைவிட உரக்கவே. குமாஸ்தா உட்கார்ந்துவிட்டார்.

நான் உட்காரவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினேன். “இது பேய் வச்ச புண்ணில்ல. சங்கிலி வச்ச புண்ணு. கட்டுனவரு அந்தா உக்காந்திருக்காரு. அவரு மேல கேசு போட நான் இங்க நிக்கல. ஆனா பேய் இருந்துச்சுன்னு மட்டும் எம்வாயால வராது. எம்புள்ளைய வச்சுக் கேட்டாலும் வராது. எனக்கு வந்தது ஒரு வார்த்தை. அத மனுசங்கதான் சொன்னாக. அத வாங்கி வச்சு வளத்தது நான். இப்ப வளக்கறதில்ல. அம்புட்டுதான் எஞ்சாட்சி.”

கருப்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

வண்டி போன பிறகு

வேலிவரை ஓடினேன். மாடுகளை அவர் அடித்த அடியில் வண்டி குலுங்கிப் புறப்பட்டது. குலுக்கலில் பயந்து மீனாள் அழுதாள். “சித்தி, சித்தி” என்று சிவகாமியைத்தான் கட்டிக்கொண்டாள். புழுதி அடங்குகிறவரை நின்றேன். பிறகு வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நன்றாகவே அழுதேன். யார் எந்தப் பெயர் வைத்தாலும் வைக்கட்டும் என்று அழுதேன்.

அதுவும் உடனே வந்தது. ‘மகளையும் முழுங்கிட்டே.’ புதுச் சொல், பழைய குரல். அன்று வீட்டுக்காரரிடம் பேசிக்கொள் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். பலமுறை சொல்லவேண்டியிருந்தது. “நீங்க பாத்துக்கங்கன்னு ஒப்படைச்சிட்டேன். பாக்கறீகளா, இல்லையா?” என்று ஆண்டவரிடமும் சண்டை போட்டேன்.

உபதேசியார் அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. மிஸ்ஸியம்மா வந்து என்னோடு உட்கார்ந்து துணி பிழிந்தார். வேதத்தைத் திறக்கவில்லை. அந்த முறை எனக்கு எரிச்சல் வரவில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு மத்தியானம், கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால் சிவகாமி நின்றாள். இடுப்பில் மீனாள். வண்டி இல்லை. அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறாள். கால் முழுக்கச் செம்மண்.

நான் ஓடிப்போய் மீனாளை வாங்கினேன். வெயிலில் அவள் உடம்பு கொதித்தது. என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

“அவருக்குத் தெரியுமா?” என்றேன்.

சிவகாமி இல்லை என்று தலையசைத்தாள். அவள் வேலியைத் தாண்டி உள்ளே வரவில்லை. அவளுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் மூச்சில்லாமலே பிறந்தவை. அதை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

“வர்ற வெள்ளிக்கெழம எனக்குக் கோடாங்கி வச்சிருக்காக, அக்கா” என்றாள். “அன்னைக்கு நீங்க உள்ள பேசுனது பூராவும் வண்டியில இருந்து கேட்டேன். உங்களுக்குப் பேய் இல்லன்னு சொன்னீக.”

“ஆமா.”

“எனக்கு?”

“உனக்கும் இல்லடி.”

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. பிறகு எழுந்து வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

சாயங்காலம் கருப்பையாவின் வண்டிச் சத்தம் கேட்டது. தூங்கிக்கொண்டிருந்த மீனாளை மிஸ்ஸியம்மாவின் கட்டிலில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினேன். பிறகு நானும் சிவகாமியும் வேலியடிக்குப் போய் நின்றோம்.